பத்துத் தடவை கழுவிய கண்

அந்த நாலு மாடிக் கடையில் வாசலைத் தாண்டியதும் முதலில் வருவது சென்ட் கவுண்டர். பதினோரு வருஷம் அங்கே நின்றவளுக்கு, அவளோடு வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் மூக்கக்கா. மூக்கு பெரிதென்று வைத்த பெயர் இல்லை, அது செய்த வேலைக்கு வைத்த பெயர். குப்பியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் சரக்கு புதிதா, கிடங்கில் சூடு பட்டுக் கெட்டதா என்று சொல்லிவிடுவாள். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு எந்தப் பிள்ள வண்டியில வாந்தி எடுத்துச்சு?" என்று கேட்பாள். "உன்ன ஸ்கூல் வாசல்ல உக்கார வச்சா வாட்ச்மேனே வேண்டாம்" என்பான் அவன்.

மூக்குக்குக் கொடுத்ததையெல்லாம் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒன்பது வயதில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியதற்கு, காப்பியடிக்கிறாள் என்று பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பிறகுதான் யாருக்கோ புத்தி வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அன்றைக்கு ஏறிய கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போனது. அதைக் கழற்றினால் எதிரே நிற்பது கணவனா கதவா என்று அவளுக்குத் தெரியாது.

முதல் ஏழு வருஷம் கண்ணாடியோடுதான் கவுண்டரில் நின்றாள். எந்த வாடிக்கையாளரும் அதைப் பார்த்து ஓடிப்போனதில்லை. பிறகு கடை கை மாறியது. புது முதலாளிகள் வழவழப்பான ஒரு புத்தகம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதில் பதினேழாவது பக்கத்தில், தரைத்தளத்தில் நிற்கும் பெண்கள் மூக்குக்கண்ணாடி அணியக் கூடாது, அது வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் நடுவே ஒரு தடுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. தடுப்பாம். அதை வாசித்துக் காட்டிய தளப் பொறுப்பாளரே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வாசித்தார். அவர் ஆண்பிள்ளை, அவருக்கு அந்தப் பக்கம் பொருந்தாது.

தளப் பொறுப்பாளரை யாரும் அப்படி அழைப்பதில்லை. பேசும்போது அரை நிமிஷத்துக்கு ஒருமுறை டையை இழுத்துவிட்டுக்கொள்வதால் அவர் டைக்காரர். தரைத்தளத்தில் கண்ணாடி போட்டவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, "லென்ஸ் வச்சுக்கங்கம்மா, சினிமாக்காரங்க மாதிரி இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். ஒரு மாதத்தில் ஆறு பேரும் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கப் பழகிக்கொண்டார்கள். வேறு வழி?

இந்த ஒரு சட்டத்தோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். கடையில் இன்னொரு சட்டமும் இருந்தது. தரைத்தளத்து ஊழியர் யாரும் எந்தக் குப்பியையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. குடிக்கிற தண்ணீர் பாட்டில் கூடாது, இருமல் மருந்து கூடாது. காலிக் குப்பி உள்ளே போனால் நிறைந்த குப்பியாக வெளியே வரும், கடைச் சென்ட்டை ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது முதலாளிகளின் பயம். லென்ஸை அலசுவதற்கென்றே விற்கிற மருந்துத் தண்ணீர் குப்பியில்தானே வருகிறது. வாசலில் பை பார்க்கிற செக்யூரிட்டி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, முதல் நாளே அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

"அண்ணே, இது சென்ட் இல்ல. கண்ணு லென்ஸுக்கு ஊத்துறது."

"தெரியும்மா. உள்ள போகும்போது லென்ஸுக்கு ஊத்துறதுதான். வெளிய வரும்போது இதுல என்ன இருக்கும்? நானா சட்டம் போட்டேன்? மேல சொல்லிட்டாங்க. லாக்கர்ல வச்சுட்டுப் போ."

டைக்காரரிடம் போய் முறையிட்டாள். "வீட்டுல ஊத்தி அலசிட்டு வாங்க. கடையில எதுக்கு அது?" என்றார் அவர். சென்ட் கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவன் அப்படிக் கேட்க மாட்டான். ஆளுக்கு நாலு சென்ட் அடித்துக் காட்ட வேண்டும். சனி, ஞாயிறில் காலையிலிருந்து இரவு வரை புகை மாதிரி அது முகத்தைச் சுற்றியே நிற்கும். லென்ஸில் படிந்தால் கண் எரியும், எதிரே நிற்பவர் முகம் கலங்கும். அடுத்த கவுண்டரில் நகப்பூச்சு விற்கிற பெண்ணுக்கும் அதே கதை. அவளுக்கு நகப்பூச்சை அழிக்கிற ரிமூவர் வாடை.

ஆகவே ஆறு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊழியர் கழிப்பறையில் வாஷ்பேசின் முன்னால் நின்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, லென்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து, குழாயைத் திறந்து அலசி, திரும்பக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓடி வருவது. அதற்கு அவர்களுக்குள் ஒரு பேரும் உண்டாயிற்று. "குளிப்பாட்டிட்டு வரேன்" என்று ஒருத்தி சொன்னால், மற்றவள் அவள் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். இது டைக்காரருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கு நேரம் குறிக்கிற சீட்டில் 'லென்ஸ் கழுவ, நாலு நிமிடம்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

அதிலும் மூக்கக்கா சுத்தக்காரி. வாடை பட்ட பொருளை அவளால் உடம்பில் வைத்திருக்க முடியாது. மற்றவர்கள் நாலு தடவை குளிப்பாட்டினால் இவள் பத்துத் தடவை. இப்படி நாலு வருஷம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. புதன்கிழமை சிவந்தது. வெள்ளிக்கிழமை ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கண்ணைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பிள்ளை பெற்றவள், வலி என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை. இது கண்ணுக்குப் பின்னால் இறங்கி, நெற்றிப்பொட்டு வழியாகப் பல் வரைக்கும் வந்த வலி. கணவன் வேனை நிறுத்திவிட்டு அவளைப் பக்கத்துத் தெரு கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான்.

கிளினிக் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "லென்ஸ் போடுறீங்களா? சுத்தமா வச்சுக்கிறீங்களா?"

"ரொம்பச் சுத்தமா சார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவ கழுவுறேன்."

"நல்லது" என்று எழுதிக்கொண்டார். எதில் கழுவுகிறாய் என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு. அக்கி வைரஸ் கண்ணில் வந்திருக்கிறது என்று களிம்பு கொடுத்தார். இரண்டு வாரம் போட்டும் அடங்கவில்லை என்றதும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார். அதில் நாலு நாள் வலி குறைந்தது. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு நாலாம் நாள் வேலைக்குக் கூடப் போனாள், இடது கண்ணில் மட்டும் லென்ஸ் வைத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் பழைய வலி இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தபோது கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது.

அப்படித்தான் ஐந்தாவது வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கருவிழியை மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். மூக்கக்காவைவிட வயதில் சின்னவர். பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் படித்தார்.

"தினம் பத்துத் தடவ கழுவுவேன்னு போட்டிருக்கே. எதுல கழுவுவீங்க?"

"தண்ணிலதான் டாக்டர். குழாயத் திறந்துவிட்டு நல்லா அலசித்தான் வைப்பேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கருவிழியில் மரத்துப்போகிற மருந்து விட்டு, மேலே கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நாலாம் நாள் முடிவு வந்தது. அமீபா.

"அமீபான்னா பள்ளிக்கூடத்துல படம் வரைவோமே, அதுவா?" என்று கேட்டான் கணவன்.

"அந்த ஜாதிதான். மண்ணு, குளம், குழாய்த் தண்ணி, எங்க வேணா இருக்கும். குடிச்சா ஒண்ணும் பண்ணாது. முகம் கழுவினாக்கூட பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா லென்ஸ்ல ஒட்டிக்கிட்டு கருவிழி மேல நாள் பூரா உக்காந்துச்சுன்னா உள்ள இறங்கிடும். மருந்து பட்டா ஓடு கட்டிக்கிட்டு உள்ளயே பதுங்கிக்கும். அதான் லேசுல சாகாது." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "முதல் வாரத்துல வந்திருந்தா நான் தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்ப அந்த வளையம் நடுவுல வந்துடுச்சு. பார்வையக் காப்பாத்தப் பாக்கலாம். வாக்குக் குடுக்க முடியாது."

அன்றிலிருந்து மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. பகல், இரவு இரண்டும். அலாரம் அடிக்கும், கணவன் எழுந்து விட்டுவிட்டுப் படுப்பான், காலையில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வேன் ஓட்டுவான். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்த அவளைத் தின்றது வலி மட்டும் இல்லை. சுத்தமாக இருக்கத்தானே கழுவினேன் என்ற நினைப்பு. ஒரு சோம்பேறி, ஒரு நாளைக்கு ஒரு தடவைகூடக் கழுவாதவள், இன்றைக்கு இரண்டு கண்ணோடு இருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் மாதம் டைக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை, கக்கத்தில் ஃபைல். இருட்டு அறையில் தட்டித் தடவி உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னாரு, தண்ணியால வந்ததுன்னு. நாங்க சும்மா விடலம்மா. உடனே தண்ணிய லேபுக்கு அனுப்பிட்டோம். சுத்தமான தண்ணி, குடிக்கத் தகுந்ததுன்னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க."

"குடிக்கலாம் சார். நான் குடிக்கலியே. கண்ணுல வச்சேன்."

"குடிக்கிற தண்ணி கண்ணுக்கு மட்டும் ஆகாதா? என்னம்மா பேசுறீங்க?"

டாக்டரம்மா சொன்னதை முழுக்கச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கணவனிடம் கொடுத்தார். கணவன் அதைக் கதவிடுக்கு வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தான். 'என் கவனக்குறைவாலும், லென்ஸைத் தவறான முறையில் அளவுக்கு மீறிக் கழுவியதாலும் எனக்கு இந்த நோய் ஏற்பட்டது. இதற்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை.' கையெழுத்துப் போட்டால், குணமானதும் மூன்றாம் மாடிக் கிடங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை. அங்கே கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

அளவுக்கு மீறிக் கழுவினாளாம். அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கிளினிக் சீட்டின் நகலை அவள்தான் விடுப்புக்காக அனுப்பியிருந்தாள். அவள் பெருமையாகச் சொன்னதையே எடுத்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

"மத்த அஞ்சு பேரும் இப்ப என்ன பண்றாங்க சார்?" என்று கேட்டாள்.

"அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டோம்" என்றார் டைக்காரர், டையை இழுத்துவிட்டுக்கொண்டு. "பாத்ரூம்ல போர்டு வச்சாச்சு. இங்கே லென்ஸ் கழுவக் கூடாது, மீறினால் நடவடிக்கை."

"குப்பி கொண்டுபோக விடுறீங்களா?"

"அது செக்யூரிட்டி விஷயம்மா."

"சரி, கண்ணாடி போட விடுறீங்களா?"

"அது பாலிசி."

அவர் போன பிறகு கணவன் தாளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "போட்டுடேன்" என்றான் மெதுவாக. "ஒரு கையெழுத்துதானே. வேலை இருக்கும். உக்காந்து பாக்குற வேலை."

"என் கண்ணத் தின்னது அமீபா. அதுக்கு அறிவில்ல, விட்டுடலாம். இவங்களுக்கு என்ன கேடு? ஏங்க, நான் அழுக்கா இருந்தேன்னு நீங்க சொல்லுவீங்களா?"

அவன் தாளை மடித்து அலமாரியில் வைத்தான்.

மருந்து ஏழு மாதம் ஓடியது. கடைசியில் டாக்டரம்மா கருவிகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிருமி செத்துவிட்டது. ஆனால் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் நிழல் ஆடுவது தெரியும், அவ்வளவுதான். "வேற கருவிழி கிடைச்சா மாத்திப் பாக்கலாம். உடனே செய்ய முடியாது, கொஞ்ச நாள் போகணும். அதுக்கப்புறமும் எவ்வளவு தெரியும்னு இப்ப சொல்ல மாட்டேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. மூக்கக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் தன்னிடம் நேராகப் பேசிய ஒரே ஆள் இவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் நகப்பூச்சுக்காரி போன் செய்தாள். விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகும் வைக்காமல் இழுத்தாள்.

"என்னடி, சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. போர்டு வச்சதுலேருந்து பேசின்ல கழுவ முடியல. பாத்தா எழுதிக்கிறாங்க. உள்ள கக்கூஸ்ல கதவச் சாத்திக்கிட்டு, கீழ இருக்குற குழாய்ல கழுவிக்கிறோம்."

மூக்கக்கா போனை வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை. இடது கண்ணுக்குப் பவர் வைத்துச் செய்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கணவன் வேனிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டான். "நானும் வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

மாடி ஏறி டைக்காரர் மேஜையில் தாளை வைத்தாள். கையெழுத்துப் போட வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் பேனாவை நீட்டினார்.

"போடுறேன் சார். கீழ நிக்கிற அஞ்சு பேரையும் இன்னிக்கே கண்ணாடி போடச் சொல்லுங்க. அளவுக்கு மீறிக் கழுவினேன், அழுக்கா இருந்தேன், என்ன வேணா எழுதிக்கங்க, போடுறேன்."

"அதையும் இதையும் ஏம்மா முடிச்சுப் போடுறீங்க? அவங்களுக்குத்தான் போர்டு வச்சிருக்கே."

"அவங்க இப்ப கக்கூஸ் குழாய்ல கழுவுறாங்க சார்."

டைக்காரர் நீட்டிய பேனாவை மூடிப் பையில் செருகினார். பிறகு, "அது எங்க கவனத்துக்கு வரல" என்றார்.

அவள் தாளை நாலாகக் கிழித்து அதே மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். ஒரு கண்ணுக்குப் படியின் ஆழம் தெரியாது. ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்க வேண்டியிருந்தது.

தரைத்தளத்தில் நல்ல கூட்டம். நேராக நகப்பூச்சுக் கவுண்டருக்குப் போனாள். ஒரு அம்மாள் இரண்டு குப்பிகளை வைத்துக்கொண்டு எது எடுப்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"குழாய்த் தண்ணில கழுவினதுடி இது. பாத்ரூம் பேசின்ல. நல்லாப் பாத்துக்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நகப்பூச்சுக்காரி பார்த்தாள். பார்த்துக்கொண்டே விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோய் ஒரு லென்ஸை எடுத்தாள், அப்புறம் இன்னொன்றை. இரண்டையும் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு அந்த அம்மாள் நின்ற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "மேடம், நீங்க கையில வச்சிருக்கிற கலர் எனக்குத் தெரியல. என் கண்ணாடி வாசல்ல லாக்கர்ல இருக்கு. அத எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அப்பத்தான் என்னால சொல்ல முடியும்" என்றாள்.

டைக்காரர் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். "கஸ்டமர் முன்னாடி என்ன இதெல்லாம்? எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசுங்க."

"உள்ளங்கிறது எந்தப் பக்கம் சார்? எனக்குத் தெரியலியே" என்றாள் நகப்பூச்சுக்காரி.

அந்த அம்மாள் குப்பிகளைக் கீழே வைத்தார். "முதல்ல அந்தப் பொண்ணோட கண்ணாடிய எடுத்துட்டு வாங்க. நான் நிக்கிறேன்" என்றார். டைக்காரர் டையைத் தொட்டார், விட்டார், லாக்கர் பக்கம் நடந்தார்.

மூக்கக்கா கறுப்புக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். மற்ற கவுண்டர்கள் அவளுக்கு வலது பக்கம் இருந்தன. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க அவள் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. கைக்கடிகாரம் விற்கிறவள் குனிந்து லென்ஸை எடுத்துக்கொண்டிருந்தாள். கைப்பைக் கவுண்டரில் இருவரும் எடுத்து முடித்துவிட்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். சென்ட் கவுண்டரில் நின்ற பெண் மட்டும் அசையவில்லை. கிரீம் கவுண்டரிலிருந்து மூக்கக்காவின் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், ஆறு பேரில் எல்லோருக்கும் இளையவள். வேலை போய்விடும் என்ற பயம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மூக்கக்காவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கிட்டே போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு மூக்கோடு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று முகத்தைக் காட்டினாள்.

அந்தப் பெண் வெள்ளை விழுந்த கண்ணைப் பார்த்தாள். "வலிக்குதாக்கா?" என்றாள்.

"வலிச்சுதும்மா, ஏழு மாசம். இப்ப வலி இல்ல. நீ எதிர்ல நிக்கிறதும் இந்தக் கண்ணுக்குத் தெரியல."